கூருக்கு முழுக்கட்டணம்

நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. இன்னமும் மாதத்துக்கு ஒரு தடவையாவது நதீன் தொலைபேசியில் கூப்பிடுவாள். சுவிஸில், ஓல்டன் நகரத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி, கேள்வி கேட்க வெட்கப்படாதவள். போன கிழமை அவள் கூப்பிட்டபோது நான் சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் விளையாட்டு லீக்கில் சேர விண்ணப்பித்திருக்கிறதாம். எங்கள் லீக் என்று இன்னமும் சொல்கிறேன், பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கான நிதி நிபந்தனைகளை எழுதுவதற்காகப் பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டு போனவள், கூர் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கோப்பில் வந்து நின்றுவிட்டாள். பொதுச்சபைக் கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: "தாம் இதை அறிவிக்காமல் இருந்ததற்கான காரணத்தைக் கூர்ப் பிரதிநிதி கூறினார். சபை கேட்டுக்கொண்டது." பக்கத்தில் பச்சை மையில் ஒரு சரி அடையாளம்.

நதீனுக்கு அதில் இரண்டு சந்தேகம். நான் எழுதிய கூட்டக் குறிப்புகளில் யார் எப்போது இருமினார் என்பதுவரை இருக்கும். இந்த ஓரிடத்தில் மட்டும் என்ன காரணம் என்று ஏன் எழுதவில்லை? அடுத்தது, காரணம் எழுதாத வரியைக் கண்டால் முழுப் பக்கத்தையும் திருப்பித் தருகிற செயலாளர் திருமதி கெல்லர் அதற்கு எப்படிச் சரி போட்டார்?

கத்தரிக்காய் கறுத்துப்போகும், பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அது தொலைபேசியில் முடிகிற கதையில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தமிழில் எழுதினால் அந்தப் பிள்ளை எப்படி வாசிக்கும் என்று என் மனைவி கேட்கிறாள். நதீனுக்கு டொச்சில், ஜெர்மன் மொழியில், சொல்லிக்கொள்ளலாம். முதலில் எனக்கு நானே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

லீக் என்றதும் தொலைக்காட்சியில் வருகிற பெரிய ஆட்டங்களை நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் பெரிய விளையாட்டுக் கூட்டமைப்பில் சேருவதென்றால் கோடிக்கணக்கில் பேரம் நடக்குமாம். என் மகன் அப்படியான செய்திகளைக் கைப்பேசியில் காட்டி, "அப்பா, இதுதானே உங்கட வேலையும்?" என்று பகிடி பண்ணுவான். எங்களிடம் இருந்தவை எட்டுப் பல்கலைக்கழகங்கள். கரப்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து. ஒரு காப்புறுதிக் கம்பனி தருகிற ஆதரவுப் பணம், இறுதி நாள் நுழைவுச்சீட்டு, கொஞ்சம் அரச உதவி, அவ்வளவுதான் வருமானம். ஆனால் உள்ளதைச் சொன்னால், அங்கேயும் இங்கேயும் எலும்புக்கூடு ஒன்றுதான். புதிதாக வருகிறவர் நுழைவுப் பணம் கட்டவேண்டும். முதலில் சில வருடம் பொது வருமானத்தில் பங்கு இல்லை, பிறகு பாதிப் பங்கு, பிறகுதான் முழுப் பங்கு. இடையில் விட்டுப்போனால் கட்டியது திரும்பாது. பங்கு முழுதாகும்வரை பண விஷயங்களில் வாக்கும் இல்லை. அந்த நிபந்தனைகளை வரி வரியாக எழுதுவதுதான் என் உத்தியோகம்.

அந்த உத்தியோகத்துக்கு நான் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுன்னாகத்தில் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞனாக இருந்தவன். இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்து, உணவகத்தில் பாத்திரம் கழுவி, பிறகு அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் கம்பனியில் சேர்ந்தேன். ஓல்டன் நிலையத்துக்குப் பக்கத்தில் லீக்கின் செயலகம் எனக்கு விழுந்தது. எல்லாப் பக்கத்து ரயிலும் அங்கே சந்திப்பதால் சுவிஸில் பாதிச் சங்கங்களின் கூட்டம் ஓல்டனில்தான் நடக்கும். ஒருநாள் காலை யன்னல் திறந்து கிடந்து, மேசையிலிருந்த கடதாசியெல்லாம் நிலத்தில் பறந்திருந்தன. பொறுக்கி, பக்க எண்படி அடுக்கி, ஓரம் தட்டி வைத்தேன். வேளைக்கே வந்துவிட்ட செயலாளர் திருமதி கெல்லர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். டொச் வாசிப்பீர்களா என்று கேட்டார். இலக்கம் மட்டும் வாசிப்பேன் என்றேன். மாலை வகுப்புக்குப் போங்கள், பிறகு வந்து என்னைப் பாருங்கள் என்றார். மொழியும் கணக்குப்பதிவும் படித்து முடிக்க நாலு வருடம் சென்றது. சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை.

திருமதி கெல்லரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். உயரமான, ஒல்லியான மனுஷி. எதை வாசித்தாலும் வரிக்குக் கீழே மரத்தாலான அடிமட்டம் ஒன்றை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வருவார். கையில் பச்சை மைப் பேனை. சிவப்பு மை பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்கு என்பார். பக்கத்தில் புதினாத் தேநீர் இருக்கும். அதைச் சூடாகக் குடித்ததை நான் காணவில்லை. வாசித்து முடித்த பிறகு, ஆறிப்போனதை ஒரே மூச்சில் குடிப்பார். அவருக்கு மூன்று கேள்விகள்தான். யார்? எப்போது? ஏன்? இந்த மூன்றில் ஒன்றுக்கு வரியில் பதில் இல்லாவிட்டால் பக்கம் என் மேசைக்குத் திரும்பி வரும். ஒரு சொல்லும் சொல்லமாட்டார். "ஏன்?" என்று பச்சையில் எழுதியிருக்கும்.

இன்னொன்று. அங்கே எல்லோரும் என்னை 'ஹெர் சிவா', அதாவது திரு. சிவா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் முதல் நாளே என் பெயரை எழுதி வாங்கி, வீட்டில் சொல்லிப் பழகிக்கொண்டு வந்து, 'ஹெர் சிவநேசன்' என்று முழுதாகச் சொல்வார். அந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அவருக்கு எதையும் செய்திருப்பேன்.

கூரின் விண்ணப்பம் வந்தது நான் அந்த வேலையில் நன்றாக வேரூன்றிய பிறகு. மலைப்பக்கத்துச் சின்னப் பல்கலைக்கழகம். தாதிமை, உடற்சிகிச்சை, விடுதி நிர்வாகம் படிப்பிக்கிற இடம். அவர்களுக்குப் பெண்கள் கரப்பந்து அணி ஒன்று இருந்தது. நல்ல அணி, விளையாட ஆள்தான் இல்லை. மலை ஊர்களின் பொழுதுபோக்கு அணிகளோடு விளையாடி விளையாடி அலுத்துப்போனவர்கள். எங்கள் லீக்கில் சேர்ந்தால்தான் அந்த அணிக்கு எதிர்காலம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது.

விண்ணப்பத்தைக் கொண்டுவந்தது அவர்களின் விளையாட்டுப் பொறுப்பாளர். கதவு திறந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். தமிழ்ப் பெண். பெயர் சுகந்தி. மட்டக்களப்பு. பள்ளிக்கூடக் காலத்தில் கரப்பந்து விளையாடியவர். கூரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தொடங்கி, படித்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்துக்குள் வந்திருந்தார். என்னைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "வணக்கம் அண்ணன்" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "குரூட்ஸி" என்று டொச்சில் பதில் சொல்லி, கதிரையைக் காட்டினேன். அதன் பிறகு அவர் தமிழில் ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு தமிழர்கள் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்து ஒன்றரை மணித்தியாலம் டொச்சில் கதைத்தோம்.

ஏன் அப்படி? பயம்தான், வேறென்ன. தன்னுடைய ஆளுக்குச் சலுகை கொடுத்துவிட்டான் என்று எவனும் சொல்லக்கூடாது. அந்த ஒரு நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. கோப்பை எழுத உட்கார்ந்தபோது, எங்கெங்கே இரண்டு வழி இருந்ததோ அங்கெல்லாம் கூருக்குக் கடினமான வழியை எடுத்தேன். நுழைவுப் பணத்தை ஐந்து தவணையாகவும் கொடுக்கலாம், மூன்றாகவும் கொடுக்கலாம். மூன்று என்று எழுதினேன். தவணை நாளைக் கோடையில் வைக்கலாம், அவர்களுக்கு அரச உதவி வருமுன்னே தையிலும் வைக்கலாம். தை என்று எழுதினேன். எழுதும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நேர்மையான உத்தியோகத்தன் என்று.

பெரிய கேடு பயண ஈட்டில் வந்தது. கூர் தூரத்திலுள்ள ஊர். மற்ற அணிகள் அங்கே போய் விளையாட அதிகம் செலவாகும். அந்த மேலதிகச் செலவைப் புதிதாக வருகிறவர் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் வழமை. ஒரு பயணத்துக்குப் பன்னிரண்டு பேர். விதியில் 'இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணம்' என்று மட்டும் இருந்தது. முழுக்கட்டணமா அரைக்கட்டணமா என்று இல்லை. இந்த நாட்டில் மாணவர்கள் அநேகமாக எல்லோரிடமும் அரைக்கட்டண அட்டை இருக்கும், பாதிக் காசுதான் கொடுப்பார்கள். எனக்கு முன் இருந்தவர் வேறு ஊருக்கு எழுதிய அட்டவணையில் அரைக்கட்டணம்தான் போட்டிருந்தார். அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் முழுக்கட்டணம் போட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

திருமதி கெல்லரின் அடிமட்டம் அந்த வரியிலும் இறங்கியது. அது எந்தக் கட்டணம் என்று அவர் கேட்கவில்லை, என் கணக்கில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கூர் கையெழுத்து வைத்தது. அணி விளையாடத் தொடங்கியது.

இரண்டு வருடம் முடிந்து பாதிப் பங்கு தொடங்குமுன் செயலகத்திலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும். அது விதி. ஒரு சனிக்கிழமை காலை நான் ஓல்டனில் ரயிலேறினேன். அன்று கூரில் விளையாடப்போகிற அணியும் அதே பெட்டியில். சிரிப்பும் சத்தமும் பாணுமாக வந்தார்கள். வாலன் ஏரிக்கரையால் ரயில் போகும்போது சீட்டுப் பரிசோதகர் வந்தார். "அட்டை, தயவுசெய்து" என்றதும் பன்னிரண்டு பிள்ளைகளும் கையை உயர்த்தினார்கள். எல்லாக் கையிலும் அரைக்கட்டண அட்டை. பரிசோதகர் பார்த்துக்கொண்டே போனார். அரைக்கட்டணம், அரைக்கட்டணம், அரைக்கட்டணம்.

ஏரி அன்று என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்கள் கொடுத்தது பாதி. கூர் இவர்களுக்குக் கொடுத்தது முழு. மற்றப் பாதி எங்கே போனது? எட்டுப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கணக்குகளுக்குள் நல்ல பிள்ளையாகப் போய்ப் படுத்துக்கொண்டது. போட்டது நான்.

கூர் மண்டப வாசலில் ஒரு நீள மேசை. அதில் ரோல்ஸ், கட்லட், பிளாஸ்கில் தேநீர். சுகந்தி மேலங்கிக் கையை மடித்துவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அணித் தலைவி, சுவிஸ் பிள்ளை, சீருடையோடு நின்று காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். விளையாட்டுத் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. என்ன இது என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். பயணக் காசுக்கு என்று சொன்னாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்கிறோம், புதிதாகத் தொடங்கிய இரண்டாவது அணியைக் கலைத்துவிட்டோம், அப்படியும் காணாது என்றாள். இந்தப் பருவம் முடியும்போதும் கணக்கில் துண்டு விழுந்தால் லீக்கைவிட்டு விலகுவதென்று தங்கள் நிர்வாகம் தீர்மானித்திருக்கிறது என்றாள். என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். விலகினால் கட்டிய நுழைவுப் பணமும் போய்விடும். அணியும் இருக்காது.

அவள் உள்ளே ஓடிய பிறகு நான் மேசையடியில் நின்றேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து தமிழில் சொன்னேன்.

"தங்கச்சி, பயணக் காசில நான் பிழை விட்டிட்டன். அரைக் கட்டணம்தான் போட்டிருக்கவேணும்."

அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தெரியும் அண்ணன்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"முதல் வருசமே."

மற்ற ஊரின் பழைய அட்டவணை வருட அறிக்கையில் வந்திருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பிறகேன் எழுதவில்லை என்று கேட்டேன். ஒரு கடிதம் போட்டிருந்தால் போதுமே என்றேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அதனால் குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. என் குணம் அது. குற்றம் என்மேல் இருந்தால்தான் எனக்கு அதிகம் கோபம் வரும்.

"விடுங்க அண்ணன். தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பலனில்லை என்று நினைத்திருப்பார் என்று நான் எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ஒரு பொதி ரோல்ஸைக் கையில் திணித்துவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு ஓல்டன்வரை வந்தேன்.

திங்கட்கிழமை காலை திருமதி கெல்லரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை, சுகந்திக்கு முன்பே தெரியும் என்பதை. அதற்குக் காரணம் இருந்தது. பிழையைக் கண்டவர் அறுபது நாளைக்குள் அறிவிக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பக் கேட்கும் உரிமை போய்விடும் என்று எங்கள் விதியில் இருக்கிறது. அந்த விதியைத் திருத்தி எழுதியதும் நான்தான்.

வேலை போகும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் கூரின் கோப்பை எடுத்தார். அடிமட்டத்தை முதல் வரியில் வைத்தார். "பயண ஈடு மட்டும்தானா, ஹெர் சிவநேசன்? முதலிலிருந்து பார்ப்போம்" என்றார். பார்த்தோம். மத்தியானம்வரை பார்த்தோம். தவணை எண்ணிக்கை, தவணை நாள், மண்டபப் பரிசோதனைக் கட்டணம். ஒவ்வொரு கடினமான இடத்திலும் பச்சையில் ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். ஏழு புள்ளி. பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சொன்னது டொச்சில், இன்றும் அப்படியே காதில் இருக்கிறது.

"நீங்கள் அந்தப் பெண்ணோடு நியாயமாக நடக்கவில்லை. எங்களுக்குப் பயந்து நடந்திருக்கிறீர்கள். உங்களை அப்படிப் பயப்படவைத்தது நாங்களாக இருந்தால், அதற்கு நான் வெட்கப்படுகிறேன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை, என் பக்கமாகத் தன் ஆறிப்போன தேநீரைத் தள்ளினார். குடித்தேன். கசப்புத்தான்.

திருத்தத்தைப் பொதுச்சபைக்குக் கொண்டுபோகவேண்டும். எட்டுப் பல்கலைக்கழகங்களும் வாங்கிய மேலதிகக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கவேண்டும். கையெழுத்து என்னுடையது, நானே வாசிக்கிறேன் என்றார் திருமதி கெல்லர். வேண்டாம், எழுதியவன் வாசிக்கட்டும் என்றேன். பிறகு வீட்டுக்குப் போய், மனைவிக்கும் தெரியாமல் சுகந்திக்குத் தொலைபேசி எடுத்தேன். அறுபது நாள் விதியை விளக்கினேன்.

"சபையில கேட்டால் தெரியாது எண்டு சொல்லிவிடுங்கோ, தங்கச்சி. ஒரு சொல்லுத்தானே."

"பாப்பம் அண்ணன்" என்றார்.

கூட்டம் வசந்தத்தில், ஓல்டனில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. ஒவ்வொரு பிரதிநிதி முன்னாலும் மஞ்சள் வாக்கு அட்டை. சுகந்தியின் முன்னால் மட்டும் அட்டை இல்லை, பண விஷயத்தில் கூருக்கு வாக்கு இல்லையே. நான் எழும்பி என் பிழையை வாசித்தேன். குரல் நடுங்காமல் இருக்கவேண்டும் என்று வீட்டில் நாலு தரம் வாசித்துப் பழகியிருந்தும் நடுங்கத்தான் செய்தது. வாசித்து முடித்து, குறிப்பெழுதும் என் இடத்தில் போய் இருந்தேன்.

மிகப் பெரிய பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி ஹெர் மோசர் கையை உயர்த்தினார். சட்டம் படித்தவர், விதியைக் கரைத்துக் குடித்தவர். கையெழுத்து வைத்தது வைத்ததுதான் என்று தொடங்கினார். பிறகு சுகந்தியின் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான், நேரடியாகக் கேட்டார். இந்தப் பிழை உங்களுக்கு முன்பே தெரியுமா?

நான் பேனையைப் பிடித்தபடி சுகந்தியையே பார்த்தேன். ஒரு சொல், ஒரேயொரு சொல். கண்ணாலேயே கெஞ்சினேன் என்று வையுங்கள்.

"ஓம். முதல் வருடமே தெரியும்" என்றார் சுகந்தி, தெளிவான டொச்சில்.

அணி போய்விட்டது, காசும் போய்விட்டது என்று நினைத்தேன். ஹெர் மோசர், பிறகேன் அறிவிக்கவில்லை என்று கேட்டார். சுகந்தி எழும்பி நின்றார். கையை மேசையில் ஊன்றிக்கொண்டார்.

"இந்த நாட்டுக்கு வந்த நாள்தொட்டு எங்கள் ஆட்களை நான் சமையலறையில் கண்டிருக்கிறேன், வயோதிபர் இல்லத்தில் கண்டிருக்கிறேன், நானும் அங்கேதான் நின்றேன். நிபந்தனை எழுதுகிற மேசையில் கண்டது இவர் ஒருவரைத்தான். நான் கடிதம் போட்டால் இந்தக் கதிரை இவருக்குப் போய்விடும், பிறகு எங்களில் ஒருவரையும் அதில் இருத்தமாட்டார்கள் என்று பயந்தேன். அணிப் பிள்ளைகளைக் கேட்டேன். ரோல்ஸ் விற்கலாம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். அதுதான் காரணம்."

சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அழவில்லை. நான்தான் குறிப்புப் புத்தகத்துக்குமேல் குனிந்துகொண்டேன். இரண்டு வருடம். எனக்குத் தெரிந்தவரையில் நான் அந்தப் பெண்ணிடமிருந்து ஒளித்துத் திரிந்தேன், அவர் என்னைக் காவல் காத்திருக்கிறார். மலைப்பக்கத்துச் சுவிஸ் பிள்ளைகள், அநேகமாக என் முகத்தைக்கூடக் காணாதவர்கள், எனக்காகக் கட்லட் பொரித்திருக்கிறார்கள்.

ஹெர் மோசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். அறுபது நாள் விதி, வாயை மூடிக்கொண்டிருந்து லாபம் பார்க்கிறவர்களைத் தடுக்க வைத்தது, இவர் வாயை மூடிக்கொண்டிருந்து நட்டப்பட்டவர், விதி இவருக்குப் பொருந்தாது என்றார். சொல்லிவிட்டு, திருமதி கெல்லர் வாக்கெடுப்பென்று அறிவிக்குமுன்னே தன் மஞ்சள் அட்டையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் எழும்பின. எண்ணுவது என் வேலை. எண்ணினேன். எட்டு. கண் கலங்கியிருந்ததால் இரண்டாந்தரமும் எண்ணினேன். எட்டேதான்.

அதிகம் வாங்கியதை இரண்டு பருவத்துக்குள் திருப்பிக் கொடுப்பதென்றும், இனி அரைக்கட்டணம் என்றும் முடிவாகியது. மற்ற ஆறு புள்ளிகளையும் திருமதி கெல்லர் அதே கூட்டத்தில் சரிசெய்து எடுத்துவிட்டார். கூர் விலகவில்லை. இந்தப் பருவத்தில் அவர்களுக்குப் பெண்கள் அணி இரண்டு விளையாடுகிறது.

கூட்டம் முடிந்து சுகந்தியை நிலையம்வரை கொண்டுபோய் விட்டேன். கூர் ரயிலுக்கு நேரம் இருந்தது. வழியெல்லாம் தமிழில்தான் கதைத்தோம். பிள்ளைகளைப் பற்றி, ஓல்டனுக்குப் பக்கத்துத் திரிம்பாக் கோயில் தேருக்கு வருவதைப் பற்றி, ரோல்ஸுக்கு மிளகு கொஞ்சம் கூட என்பதைப் பற்றி. நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"முதல் நாள் நான் வணக்கம் சொன்னன் அண்ணன்" என்றார். "நீங்க இன்னும் சொல்லல்ல."

ரயில் மேடையில் அத்தனை சனத்துக்கு நடுவே கையைக் கூப்பி வணக்கம் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஏறிப்போனார்.

திங்கட்கிழமை கூட்டக் குறிப்பைத் தட்டெழுத உட்கார்ந்தேன். எல்லாம் வந்தது, யார், எப்போது, என்ன. சுகந்தி காரணம் சொன்ன இடத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. மூன்று தரம் எழுதி, என் பெயர் வந்த இடத்தில் மூன்று தரமும் அழித்தேன். கடைசியில் நீ பார்த்த அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, நதீன், திருமதி கெல்லரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

அடிமட்டம் இறங்கி வந்தது. அந்த வரியில் நின்றது. பச்சைப் பேனை மேலே நின்றது. "ஏன்?" வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சரி போட்டுவிட்டு, அடிமட்டத்தை அடுத்த வரிக்கு இறக்கினார். "தேநீர் ஆறிவிட்டது, ஹெர் சிவநேசன், வேறு போடுவோமா?" என்றார். அத்தனை வருடத்தில் அவர் சூடான தேநீர் கேட்டது அன்று ஒருநாள்தான்.

நதீன், அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு நிபந்தனை எழுதுமுன் ஒருதரம் அங்கே போய் வா, அவர்களின் மண்டபத்தில் ஒரு தேநீராவது குடி. அது உன் வேலைக்கு. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. அந்த வரிக்குப் பக்கத்தில், பச்சைச் சரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கும். பென்சிலால் எழுதிவிடு. காரணம்: சிவநேசன்.